ஒலிபரப்புக் கல்வியும் தரச்சான்றும்



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாட்களுக்குள், ஆண்டுதோறும் நாலைந்து இளைஞர்களேனும் என்னைத் தேடி வருவதுண்டு. சிலர் தனியே வருவர். சிலர் தந்தையையோ மாமனையோ உடன் அழைத்து வருவர். வானொலி நிலையத்தில் நெடுங்காலம் நிகழ்ச்சிகள் தயாரித்தவன், பின்னர்க் கல்லூரியொன்றில் அத்தொழிலைக் கற்பித்தவன் என்ற முறையில், ஒலிபரப்புக் கல்வியைப் பற்றி எனக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, ஸ்டூடியோ எப்படி இருக்கும், எத்தனை கேமராக்கள் வைத்திருக்கிறார்கள், படித்து முடித்தால் வேலை நிச்சயந்தானா என்றெல்லாம் கேட்பார்கள். 'பட்டம் தருவது யார்? அதைத் தரும் உரிமையை அவருக்குக் கொடுத்தது யார்?' என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் பல ஆண்டுகள் அதை எடுத்துச் சொன்னவன் அல்லன். கல்லூரி என்றால் பட்டம் தரும், பட்டம் என்றால் எங்கும் செல்லும் என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் ஒரு மாணவன். அவன் என் மாணவனும் அல்லன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அரசு சார்ந்த பணி ஒன்றுக்காக நடந்த குரல் தேர்வில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நடுவர்களுள் ஒருவனாக நான் இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தேர்வாளர்கள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்து, கொடுத்த தாளை வாசிப்பார்கள். இப்பால் நாங்கள் காதணி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் இடுவோம். வாசிக்க வேண்டிய செய்தித் தாளில் நாங்கள் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்திருந்தோம். தேதி ஒன்று, கிழமை வேறு. பெரும்பாலோர் அதைக் கவனியாமலே வாசித்துச் சென்றனர். கண்டுகொண்ட சிலரோ திகைத்து நின்றுவிட்டனர். ஓர் இளைஞன் மட்டும் அரை நொடி மூச்சு விட்டு, கிழமையைத் திருத்தி வாசித்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் அடுத்த வரிக்குப் போனான். ழகரமும் றகரமும் அவன் நாவில் இயல்பாக நின்றன. இலட்சக் கணக்கில் வந்த எண்களை ஒருமுறைகூட இடறவில்லை. நடுவர்கள் மூவரும் தனித்தனியே அவனுக்கே முதலிடம் கொடுத்திருந்தோம் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவன் என் வீட்டிற்கு வந்தான். சான்றிதழ் சரிபார்ப்பில் அவனைத் தள்ளிவிட்டார்களாம். அவன் காட்டிய பட்டச் சான்றிதழ் கனமான தாளில் பொன்னிற முத்திரையோடு அழகாக இருந்தது. ஆனால் அதன் தலைப்பில் இருந்த வடமாநிலத்துப் பல்கலைக் கழகத்தின் பெயர், பல்கலைக் கழக மானியக் குழுவின் பட்டியலில் எங்கும் இல்லை. போலிப் பல்கலைக் கழகங்கள் என்று அக்குழு வெளியிடும் மற்றொரு பட்டியலில்தான் இருந்தது. அவன் படித்ததோ நம் நாட்டு நகரமொன்றின் கடைவீதியில், மூன்றாவது மாடியில் நடந்த ஒரு பயிற்சி நிலையத்தில். கண்ணாடிச் சுவரிட்ட ஸ்டூடியோ, புத்தம் புதிய ஒலிக்கலவைக் கருவி, வரவேற்பறையில் புகழ்பெற்றவர்களின் படங்கள். 'பல்கலைக் கழகத்துடன் இணைந்து வழங்கும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு' என்று விளக்கக் கையேட்டில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தையற்கடை வைத்திருந்த தந்தை, வீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்துப் பணம் கட்டியிருந்தார்.

அவன் பதிவுசெய்து வைத்திருந்த நிகழ்ச்சிகளை நான் கேட்டேன். உப்பளத் தொழிலாளரைப் பற்றிய பதினைந்து நிமிடச் சித்திரம் ஒன்று இருந்தது. வர்ணனை குறைவு, வாரும் பலகையின் ஓசையும் மனிதர்களின் பேச்சுமே கதை சொல்லின. நன்றாகக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. வினையே அதுதான். கல்வி மட்டமாக இருந்திருந்தால் அவனுக்கு முதலாண்டிலேயே சந்தேகம் பிறந்திருக்கும். "ஐயா, மூன்று வருஷம் நான் படித்தது பொய்யா?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. படிப்பு பொய்யில்லை, பட்டந்தான் பொய். ஆயினும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லி என்ன ஆறுதல் தர முடியும்?

அதற்குப் பின்னரே நான் சட்டத்தைப் படிக்கலானேன். படித்தபோது முதலில் கண்டது, நாம் மூன்று சொற்களை ஒன்றாகக் கலந்து வழங்குகிறோம் என்பது. அங்கீகாரம், இணைவு, தரச்சான்று ஆகிய மூன்றும் மூன்று பொருள். விளம்பரம் எழுதுவோருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். படிப்பவர்க்குத்தான் தெரிவதில்லை.

அங்கீகாரம் என்பது பட்டம் வழங்கும் உரிமையைச் சார்ந்தது. 1956-ம் ஆண்டின் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ம் பிரிவு இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. மத்திய அரசின் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பட்ட பல்கலைக் கழகம் பட்டம் வழங்கலாம். அதே சட்டத்தின் 3-ம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக அறிவிக்கப்பட்ட நிறுவனம் வழங்கலாம். பாராளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனம் வழங்கலாம். வேறு எவரும் வழங்கலாகாது. அடுத்த பிரிவோ, உரிமையின்றிப் 'பல்கலைக் கழகம்' என்ற சொல்லையே பெயரில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்கிறது. மீறினால் என்ன தண்டனை தெரியுமா? ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1956-ல் ஆயிரம் ரூபாய் பெரிய தொகைதான். இன்று அது ஒரு மாணவன் செலுத்தும் சேர்க்கை விண்ணப்பக் கட்டணத்திற்குச் சற்றே கூடக் குறைய இருக்கும். சட்டம் நம்மைக் காக்கும் என்று கைகட்டி இருந்துவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இணைவு என்பது ஒரு கல்லூரி, பல்கலைக் கழகம் ஒன்றின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஏற்று நடப்பது. இங்கேதான் அந்த இளைஞன் ஏமாந்தான். 'இணைந்து வழங்கும்' என்ற தொடரைக் கண்டதும் 'இணைவு பெற்ற' என்று அவன் தந்தை பொருள் கொண்டுவிட்டார். அந்தப் பல்கலைக் கழகம் போலியாக இல்லாமல், முறைப்படி அமைந்த தனியார் பல்கலைக் கழகமாக இருந்திருந்தாலும் பயன் இருந்திராது. தனியார் பல்கலைக் கழகங்களுக்கென 2003-ம் ஆண்டில் மானியக் குழு வகுத்த விதிமுறைகளின்படி, அவை ஒற்றை அமைப்புகள். பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு இல்லை. ஆகையால் பிற மாநிலத்துத் தனியார் பல்கலைக் கழகம் ஒன்றின் பட்டத்தை நம் ஊர் மாடியறையில் தருவதாக எவரேனும் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இந்தச் சட்டத்திற்கு உயிர் கொடுத்த வழக்கு ஒன்று உண்டு. ஒலிபரப்பைப் படிக்க விரும்புவோர் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய, அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் போன்ற வலையால் செய்த பெரிய ஏந்திகளை ஊர்ப் பொதுவிடங்களில் நிறுத்தி, நேரே வானிலிருந்து படத்தை இறக்கினார்கள். 'சைட்' என்ற பெயரால் வழங்கும் அந்தச் சோதனையை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர், ஆமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் யஷ்பால். அண்டக் கதிர்களை ஆராய்ந்த பௌதிக விஞ்ஞானி அவர். பின்னர் 1986 முதல் 1991 வரை பல்கலைக் கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தார்.

2002-ம் ஆண்டில் சத்தீஸ்கர் மாநிலம் தனியார் பல்கலைக் கழகச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தாற் போதும், ஒரு பல்கலைக் கழகம் பிறந்துவிடும். ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் 112 பல்கலைக் கழகங்கள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, வளாகமும் இல்லை. ஒற்றை அறையில் நடந்தவையும் உண்டு. பதவி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகிவிட்ட யஷ்பால் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். கிராமத்து மக்களுக்குப் படத்தையும் குரலையும் கொண்டு சேர்த்த மனிதர், முதுமையில் மாணவனின் சான்றிதழுக்காக வழக்காடினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவரிடம் மதிப்பு மிகுகிறது. 2005-ம் ஆண்டு பிப்ரவரி 11-ம் தேதி தீர்ப்பு வந்தது. அந்தப் பல்கலைக் கழகங்களைத் தோற்றுவித்த சட்டப் பிரிவுகள் செல்லா என்று நீதிமன்றம் கூறிற்று. அங்கே ஏற்கனவே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதையும் நீதிபதிகள் மறக்கவில்லை. அத்தகைய நிறுவனங்களை மாநிலத்தின் பழைய பல்கலைக் கழகங்களோடு இணைக்க வழி செய்யுமாறு அரசுக்கு ஆணையிட்டனர். ஆனால் எல்லா மாணவர்க்கும் ஒரு யஷ்பால் கிடைப்பதில்லை.

இனி மூன்றாவது சொல்லாகிய தரச்சான்றைப் பார்ப்போம். பட்டம் வழங்கும் உரிமை இருக்கிறது என்பதாலேயே ஒரு கல்லூரி நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது. அதை வெளியிலிருந்து வந்து பார்த்துச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று 1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எண்ணியது. அதன் பயனாக 1994-ல் பெங்களூரில் தேசிய தர மதிப்பீடு மற்றும் தரச்சான்று மன்றம் தோன்றிற்று. 'நாக்' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது இதைத்தான். கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டடமும் கருவிகளும், மாணவர்க்குக் கிடைக்கும் உதவி, நிர்வாகம், நிறுவனத்தின் தனிப்பண்புகள் என ஏழு நோக்கில் அது சீர்தூக்கப்படும். பிற ஊர்ப் பேராசிரியர்கள் நேரில் வந்து பார்ப்பதும் உண்டாயிருந்தது. நான்கு புள்ளி அளவில் மதிப்பிட்டு, அதற்கேற்பப் படிநிலை வழங்குவது பல்லாண்டு வழக்கமாக இருந்து வந்தது. 2024-ல் இம்முறையை விட்டு, தரச்சான்று பெற்றது, பெறாதது என்ற இரண்டே நிலைக்கு மாறப் போவதாக மன்றம் அறிவித்தது. ஆகவே ஒரு கல்லூரி தன் வாயிலில் எழுதிவைத்திருக்கும் எழுத்தைப் பார்க்கும்போது, அது எந்த ஆண்டில் பெற்றது, இன்னும் காலம் முடியாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தரச்சான்றும் குறையற்றதன்று. 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆய்வுக்குச் சென்ற குழுவினர் சிலரை இலஞ்ச வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். நீதிமன்றம் என்ன முடிவு சொல்லுமோ, அது வேறு. எனினும் இதைக் காட்டிச் சான்றே வேண்டாம் என்று சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். எடைக்கல்லில் கள்ளக்கல் கலந்துவிட்டது என்பதற்காக யாரும் கைத்தூக்கில் பொன் வாங்குவதில்லை.

நம்மைப் போன்றவர்க்கு இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. மன்றம் மதிப்பிடுவது நிறுவனம் முழுவதையும்; ஒரு தனித் துறையை அன்று. இரசாயனத் துறையும் வணிகத் துறையும் சிறந்து விளங்கும் கல்லூரி உயர்ந்த படிநிலை பெறலாம். அதே கல்லூரியின் ஒலிபரப்புத் துறையில் மைக் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யாமல் இருக்கலாம். பொறியியல், மேலாண்மை முதலிய படிப்புகளைத் தனித்தனியே ஆய்ந்து சான்றளிக்க வேறொரு தேசிய வாரியம் இருக்கிறது. ஊடகப் படிப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றவில்லை. இங்கிலாந்தில் அது உண்டு. அங்கே ஒலிபரப்பு இதழியல் படிப்புகளுக்கென்றே ஒரு பயிற்சி மன்றம் இருக்கிறது. பி.பி.சி. முதலான ஒலிபரப்பு நிறுவனங்களே அதில் பங்கு கொண்டு, கல்லூரிக்கு வந்து பார்க்கின்றன. மாணவர்கள் குறித்த நேரத்திற்குள் செய்தி திரட்டி, எழுதி, தொகுத்து, மணியடித்தவுடன் ஒலிபரப்பும் 'செய்தி நாள்' பயிற்சி போதுமான அளவு நடக்கிறதா என்று அம்மன்றம் கேட்கிறது. நமக்கும் அப்படியொன்று வர வேண்டும். வரும்வரை அந்தச் சோதனையை மாணவனே செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நான் ஒரு கல்லூரிக்குச் சென்றால் ஸ்டூடியோவைப் பார்ப்பதற்கு முன் அதன் பதிவேட்டைக் கேட்பேன். யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம் பதிவு செய்தார்கள் என்று எழுதிவைக்கும் புத்தகம் அது. பளபளக்கும் ஸ்டூடியோக்கள் பல, விருந்தினர் வரும் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கப்படுபவை. கதவருகே தேய்ந்த தரையும், ஒட்டுப் போட்ட கம்பிகளும், சுவரில் மாணவர் கிறுக்கிய நேரக் கணக்கும் இருந்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கும். அறுபது மாணவருக்கு இரண்டு தொகுப்புக் கணினிகள் என்றால், ஒருவனுக்கு வாரத்தில் எத்தனை மணி கிடைக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கல்லூரிக்குச் சமுதாய வானொலி இருந்தால் மிக நன்று. சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் 2004-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் அத்தகைய நிலையம் தொடங்கிற்று. கல்வி வளாகம் ஒன்றில் அமைந்தவற்றுள் நாட்டிலேயே அதுதான் முதலாவது. வகுப்பறைப் பயிற்சியில் செய்த பிழையை ஆசிரியர் மட்டும் அறிவார். ஒலிபரப்பில் செய்த பிழையை அடுத்த தெருக் கிழவியும் அறிவாள். இரண்டாவது வகைப் பிழையே மாணவனை விரைவில் திருத்துகிறது.

பட்டத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். காட்சித் தொடர்பியல், மின்னணு ஊடகம், இதழியலும் மக்கள் தொடர்பியலும் என ஏறத்தாழ ஒரே படிப்புக்கு இன்று பல பெயர்கள் வழங்குகின்றன. அரசுப் பணி அறிவிப்பில் ஒரு பெயர் இருக்க, உங்கள் கையில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் நிகர் என்று காட்ட அரசாணை தேடி அலைய நேரும். சேரும்போதே, முன்னர்ப் படித்தவர்கள் எந்தப் பணிக்கு, எந்த மேற்படிப்புக்கு இப்பட்டத்தைக் காட்டிச் சென்றார்கள் என்று துறையில் கேட்டுவிடுவது நல்லது.

'குரலுக்குச் சான்றிதழ் எதற்கு? அந்நாளில் வானொலியில் கோலோச்சியவர்கள் ஒலிபரப்புப் பட்டமா வாங்கினார்கள்?' என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வியே. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கியபோது, அப்படியொரு பட்டம் இந்நாட்டில் கிடையாது. இலக்கியம் கற்றவரும் இசை வல்லாருமே வந்து தொழிலைக் கண்டெடுத்தனர். 1965-ல் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக அறிவிக்கப்பட்ட 2024-ம் ஆண்டு வரையில் வழங்கி வந்தது பட்டயமேயன்றிப் பட்டமன்று. அந்தப் பட்டயத்தைத் தொழிலில் எவரும் குறைவாக எண்ணியதில்லை. ஆகவே பட்டயப் படிப்பு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. கடைவீதிப் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் ஒலித்தொகுப்பு கற்றுக்கொண்டு, அது பயிற்சி என்று தெரிந்தே பணம் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. பட்டயத்தைப் பட்டமென்று விற்பதுதான் தவறு. தனியார் நிலையம் ஒன்றில் உங்கள் குரல் ஒன்றே போதுமானதாக இருக்கலாம். ஆனால் நாற்பது வயதில் ஆசிரியராக விரும்பினாலோ, அரசுப் பணிக்கு மனுச் செய்தாலோ, அயல்நாட்டில் மேலே படிக்க நினைத்தாலோ, அப்போது பேசுவது உங்கள் குரலன்று, அந்தத் தாள்.

சரிபார்ப்பதோ கடினமான வேலையன்று. பல்கலைக் கழகத்தின் பெயரை மானியக் குழுவின் பட்டியலிலும், கல்லூரியின் பெயரை அப்பல்கலைக் கழகத்தின் இணைவுப் பட்டியலிலும், படிநிலையைத் தரச்சான்று மன்றத்தின் ஏட்டிலும் பார்க்கலாம். மூன்றும் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. அஞ்சல் வழியாகவோ இணைய வழியாகவோ படிப்பதாயின், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டிற்கான அனுமதி தனியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு நேரே ஒரு கடிதம் எழுதிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி அலுவலகத்தில் வாயால் சொல்லும் உறுதிமொழியைப் பின்னாளில் எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது.

ஏற்கனவே இத்தகைய இடமொன்றில் சேர்ந்து, முதலாண்டின் நடுவில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவரும் இருக்கக்கூடும். கட்டிய பணத்திற்காக மீதி ஆண்டுகளையும் கட்டிவிடாதீர்கள். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாதென்று மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. அவற்றை முதலில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

அந்த இளைஞன் மறுபடியும் முதலாண்டு மாணவனாகச் சேர்ந்தான். இம்முறை அரசுக் கல்லூரியில், தமிழ் இலக்கியம். மாலை வேளைகளில் ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்து வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தான். அவன் பட்டம் பெற்ற நாளில் சான்றிதழைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். தாள் மெல்லியது; முத்திரையில் பொன்னும் இல்லை. உப்பளச் சித்திரத்தின் ஒலிப்பதிவையும் கூடவே கொண்டுவந்திருந்தான். இருவரும் அதை முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை கேட்டோம்.